புதுப்பிப்புக் கட்டணம்

என் வீட்டுக்காரர் சரத்துக்குப் பொய் சொல்ல வராது. வராத ஆள் ஒரே ஒரு பொய் சொன்னார், அதையும் அட்டைப்பெட்டி போட்டு, விலை ஒட்டி, ரசீதோடு சொல்லித் தொலைத்தார்.

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே எங்கள் கம்ப்யூட்டர் கடை. தேயிலை ஃபேக்டரிகள்தான் பிழைப்பு. தேயிலை விலை விழுந்தது, எங்கள் பிழைப்பும் கூடவே விழுந்தது. ஒரு கிலோ பச்சை இலை விற்ற காசில் ஒரு டீயும் வடையும் சாப்பிடலாம், அவ்வளவுதான் என்று ஆகிவிட்ட ஊரில் கணக்கு சாப்ட்வேருக்கு யார் பணம் கட்டுவார்கள்? அப்போதுதான் சரத் இன்டர்நெட்டில் ஒன்றைக் கண்டுபிடித்தார். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதிய கணக்கு சாப்ட்வேர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்து மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். காசு கிடையாது.

ஆறு மாதம் உட்கார்ந்து அதை நம் ஃபேக்டரிகளுக்குத் தோதாக மாற்றினார். இலை எடை, மழை நாளில் ஈரத்துக்குக் கழிப்பது, ஏலத்துக்குப் போன மூட்டை எல்லாம் அதில் வந்தது. தமிழ் வார்த்தைகள் போட்டது நான். நல்ல வேலை அது, இன்றைக்கும் சொல்வேன்.

முதலில் மாரப்பனிடம்தான் கொண்டுபோனோம். அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்து கோத்தகிரி ரோட்டில் ஃபேக்டரி நடத்துகிறவர். சும்மாவே தருகிறோம், வந்து பார்த்துக்கொள்வதற்கு மட்டும் கூலி கொடுங்கள் என்றார் சரத்.

“ஏனுங்க சரத்து, சும்மா குடுக்கறதுக்கு அவனென்ன எங்க மாமனா? நாளைக்கு அது படுத்துக்கிச்சுன்னா நான் ஆரு சட்டையப் புடிக்கறது?”

“என் சட்டையப் புடிங்க.”

“உங்க சட்டை எத்தனைக்குப் போகும்?” என்று சிரித்தார் மாரப்பன். சரத் சிரிக்கவில்லை.

நாலைந்து ஃபேக்டரியில் இதே கதைதான். சும்மா என்றதும் முகம் சுருங்கியது. அதன்பிறகுதான் ‘நீலமலை சிஸ்டம்ஸ், பெங்களூர்’ பிறந்தது. கோயமுத்தூரில் பெட்டி அடித்தோம். விலை போட்டோம். வருஷா வருஷம் மார்ச்சுக்குள் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் சாப்ட்வேர் பூட்டிக்கொள்ளும் என்று சரத் சொன்னார். அதே மாரப்பன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அரை மணி நேரம் பேரம் பேசி, வெற்றி பெற்ற முகத்தோடு வாங்கினார். அவரைப் பார்த்து இன்னும் ஏழு பேர் வாங்கினார்கள்.

விற்பதில் தப்பில்லையாம், அந்த சாப்ட்வேரின் சட்டமே அப்படித்தானாம். சட்டம் கிடக்கட்டும். மழையில் ஸ்கூட்டர் ஓட்டிப்போய் ரிப்பேர் பார்க்கிற ஆளுக்குத் தன் உழைப்புக்குக் கூலி கேட்க வெட்கம், இல்லாத கம்பெனியின் பேரில் கேட்கத் தெம்பு. எனக்கு அதுதான் எரிச்சல்.

மாரப்பன் ஃபேக்டரியில் அந்தச் சாப்ட்வேரை ஓட்டியது கோகிலவாணி. இலங்கையிலிருந்து வந்து இங்கே கொழுந்து பறித்த குடும்பம். அப்பா வீரையாவுக்கு மூச்சிரைப்பு, வேலைக்குப் போவதில்லை. அம்மா தெய்வம்மா இன்னும் கூடை தூக்குகிறாள். பி.காம். முடித்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் இந்தப் பெண்தான். என்னை அக்கா என்பாள். திரையில் ஒரு தமிழ் வார்த்தை சரியில்லை என்றால் உடனே போன் போட்டுச் சொல்வாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

மூன்றாவது வருஷம் மார்ச் மாதம், சரத் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து மாரப்பனின் செக்கை எடுத்து வைத்தார்.

“ரெண்டு செலவுல ஒண்ணுதான் தாங்குங்கறாரு. சாப்ட்வேருக்குக் கட்டலைன்னா கணக்கே பூட்டிக்கும், அதனால கோகிலவாணியை மாசக் கடைசியோட நிறுத்தறாராம். மச்சினன் வந்து அந்த வேலையைப் பாத்துக்குவானாம்.”

“கம்பெனி இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லிருச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். எந்தக் கம்பெனி சும்மா விடும், நாளைக்கு வட்டியோட வருவான்னு செக்கைக் கையில திணிச்சுட்டாரு.”

“அப்ப உண்மையைச் சொல்லுங்க.”

“ஒருத்தர்கிட்டச் சொன்னா எட்டு ஃபேக்டரியும் போயிரும் ஸ்வேதா. கடை வாடகை?”

எனக்கு வந்ததே கோபம். இல்லாத கம்பெனிக்குப் படி அளக்க இருக்கிற பெண்ணின் வேலை போகிறது, இவர் வாடகையைப் பேசுகிறார். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். மறுநாள் காலை செக்கை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். நியாயம் என் பக்கம் இருக்கிறது என்ற தைரியம் எனக்கு ஏகப்பட்டது இருந்தது.

ஃபேக்டரியில் பாதி மெஷின் ஓடவில்லை. இலை வாட வைக்கும் தொட்டிகளில் பல காலியாகக் கிடந்தன. மாரப்பன் ஆபீஸ் அறையில் தனியாக இருந்தார்.

“வாங்க அம்மிணி, சரத்து வரலீங்களா?”

செக்கை மேஜைமேல் வைத்தேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

“அப்பக் கம்பெனி?”

“நாங்கதானுங்கண்ணா.”

“பெங்களூரு?”

“பெட்டியில மட்டும்தான்.”

செக்கை மடித்து மேஜை டிராயரில் போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. “மூணு வருசமா என்னைக் கிறுக்கனாக்கி இருக்கறீங்க,” என்றார். “செரி. நானும் யாவாரி. விக்கறதுக்குப் பொய் சொல்றது தொழில்ல சகசம். பூட்டிக்காதுன்னா எனக்கு செலவு மிச்சம். அந்தப் புள்ள இருக்கட்டும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே எழுந்து கதவைத் திறந்து கோகிலவாணியைக் கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏம்புள்ள, இந்தச் சாப்ட்வேர் சும்மா கெடைக்கறதாமா. கதையக் கேட்டியா? உனக்குத் தெரியுமா?” சும்மா கேட்டார். பேச்சுவாக்கில்தான் கேட்டார்.

தெரியாது என்று சொல், தெரியாது என்று சொல் என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“தெரியுங்கய்யா.”

“எப்பருந்து?”

“சேர்ந்த புதுசுலயே. உதவின்னு ஒரு பக்கம் இருக்குது. யாரு வேணும்னாலும் காசில்லாம எடுத்துக்கலாம்னு அதுலயே போட்டிருக்கு.”

அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதியது நான். அதை எடுக்கக் கூடாது, அதுதான் நிபந்தனை என்று சரத் அப்போது கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஃபேக்டரியில் யார் உதவிப் பக்கம் படிக்கப் போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

“ஏன் சொல்லலை?”

“சும்மா வந்ததுன்னு தெரிஞ்சா நம்பாம கம்ப்யூட்டரையே தூக்கிருவீங்க. அது போனா எனக்கு இங்க என்னய்யா வேலை? மறுபடி கூடைதான்.”

மாரப்பன் உட்கார்ந்தார். குரல் உயரவே இல்லை. “இவங்க விக்கறவங்க, பொய் சொன்னாங்க. நீ என்ற கணக்க எழுதறவ. இதை மறைச்சவ வேற எதை மறைச்சேன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கறது? இன்னிக்கோட நின்னுக்க.”

“அண்ணா, தப்பு எங்க மேலதானுங்க. அவ என்ன பண்ணுவா?”

“உங்க சாப்ட்வேர் இருக்கட்டும் அம்மிணி. சும்மாதானே.”

எவ்வளவோ கெஞ்சினேன். அவர் போனை எடுத்து யாருடனோ இலை லாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கோகிலவாணி சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். தூறிக்கொண்டிருந்தது. அவள் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது திட்டு, கோகிலா என்றேன்.

“எதுக்குக்கா? நல்லதுக்குத்தானே வந்தீங்க.”

“எப்படியும் மாசக் கடைசியில நிறுத்தறதாத்தான் இருந்தாரு. நான் வேற ஏதாவது ஏற்பாடு பண்றேன்.”

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“முதலாளி ஐயாவே ஏற்பாடு பண்ணியிருந்தாருக்கா. கோத்தகிரியில அவங்க சம்பந்தி ஃபேக்டரியில சொல்லி வெச்சிருந்தாரு. கணக்கு வேலைதான். ஒண்ணாந்தேதி சேரச் சொல்லி நேத்து சாயங்காலம்தான் சொன்னாங்க. அம்மா கோயிலுக்கெல்லாம் போயிட்டு வந்தாங்க. இனி ஐயா அங்கயும் வேண்டாம்னு சொல்லிருவாருக்கா.”

பஸ் வந்தது. அவள் குடையை மடக்கிக்கொண்டு ஏறினாள். கண்டக்டர் என்னையும் ஏறச் சொன்னார். அது குன்னூர் பஸ்தான், நானும் அதில்தான் போக வேண்டும். நான் ஏறவில்லை.