காய்ச்சல் இல்லை

வாடகைக்கு வந்த குளிர்பெட்டியின் கம்ப்ரசர் சத்தம் சரியில்லை என்று அவர் தரையில் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் அவர் மனைவி படுத்திருந்தாள். ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்றால் பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போதுமா என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழத்தான் செய்தது. வேறு என்ன செய்வது? அழுகை இன்னும் வந்தபாடில்லை. கைக்கு ஸ்க்ரூ டிரைவர்தான் வந்தது.

"எந்திரிங்க அத்தான். பெட்டிக்காரர் வந்து பாத்துப்பார்," என்றாள் மைத்துனி. சொல்லிக்கொண்டே இன்னொரு முறை கண்ணாடி மூடியைத் தூக்கி, அக்காவின் மொட்டைத் தலையில் கட்டியிருந்த துணியை இழுத்துவிட்டாள். மூடியதும், "பாருங்க, மீட்டர் ஏறிப்போச்சு. உள்ள குளிரே இல்ல," என்றாள்.

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "சும்மா சும்மா தெறந்தா ஏறாம என்ன செய்யும்? தெறந்து மூடின உடனே மீட்டரப் பாக்கக் கூடாதும்மா. கொஞ்ச நேரம் விடணும். வீடு வீடாப் போயி இதத்தான் கத்திக்கிட்டிருக்கேன். இல்லன்னா அது பொய்தான்..."

பேச்சு பாதியில் நின்றது. மைத்துனி பார்த்தாள். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கீமோ முடிந்து வந்ததிலிருந்து மனைவிக்கு வாயெல்லாம் புண். எதைத் தின்றாலும் ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஐஸ் மட்டும்தான் ஒத்துக்கொண்டது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் அவரே ஐஸ் போட்டார். முனை குத்தாமலிருக்க ஒவ்வொரு கட்டியையும் அதே தண்ணீரில் அலசி மழுங்கடித்துக் கொடுத்தார். "ஊருக்கெல்லாம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ணீங்க. இப்பதான் பெண்டாட்டிக்கு ஒரு பிரயோஜனம்," என்று குழறிக்கொண்டே சிரித்தாள். சிரித்தால் உதடு வெடித்து ரத்தம் வந்தது.

காய்ச்சல் நூறைத் தொட்டால் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தாள். உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இருக்காதாம். காலையும் மாலையும் அவரே தெர்மாமீட்டர் வைத்தார். நாக்குக்கடியில் அது பட்டாலே மனைவிக்கு உயிர் போகும். ஆகவே முதலில் ஐஸ். வாய் மரத்ததும் தெர்மாமீட்டர். "காய்ச்சல் இல்ல," என்பார். "அப்ப இன்னைக்கும் ஆஸ்பத்திரி இல்ல," என்று அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். இருவருக்கும் அந்த நாளில் அது ஒன்றுதான் நல்ல சேதி.

முந்தாநாள் மாலை மகள் அம்மாவின் நெற்றியில் கை வைத்துவிட்டு, "சுடுதுப்பா," என்றாள். அவர் தெர்மாமீட்டரைக் காட்டினார். "கைய நம்பாத. என் தொழில்ல கைய நம்பினவன் உருப்பட்டதில்ல." மகள் கையை எடுத்துக்கொண்டாள். நேற்று விடியும்போது மனைவிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்டதற்கு, "காய்ச்சலே இல்ல சார், நானே பாத்தேன்," என்று அடித்துச் சொன்னார். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். முன்னறையில் மகள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"அப்பா ரெண்டு வேளையும் விடாம பாத்தார். காய்ச்சலே இல்ல. நான்தான் சுடுது சுடுதுன்னு அவரப் போட்டுக் கலவரப்படுத்திட்டேன்."

கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். உன் கைதான் சரி என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால் அவள் இன்றைக்கே அப்பாவையும் இழந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. சொல்லாவிட்டால், நாளைக்கு அவள் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் தன் கையை நம்பமாட்டாள். அவர் ஃப்ரீசரைத் திறந்தார். ட்ரே நிறைய மனைவிக்குப் போட்ட ஐஸ் இருந்தது. ஒரு கட்டியை வாயில் போட்டு, கரையும்வரை நின்றார். பிறகு அலமாரியிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து நாக்குக்கடியில் வைத்துக்கொண்டார்.

மகள் உள்ளே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "என்னப்பா, உங்களுக்கும் முடியலையா?"

வாயில் அது இருந்ததால் அவர் தலையை மட்டும் அசைத்தார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவருக்கே தெரியவில்லை. பீப் சத்தம் வந்தது. அவர் கை நீட்டுவதற்குள் அவளே எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லப்பா," என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். நாக்கு மரத்துக் கிடந்தது. அதற்குள் அவள் கை அவருடைய நெற்றியை நோக்கி உயர்ந்து, பாதியில் நின்றது. கையைக் கீழே இறக்கி, தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் போட்டாள்.