விட்டுப்போன இலக்கம்

தொண்ணூற்றேழாம் ஆண்டு. கனடாவிலிருந்து வந்த கவிஞர் சவுந்தரநாயகத்துக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்துக் கொடுக்க நான் பட்ட பாடு! பொலிசுக்கு மூன்று தரம் நடந்து, "நிலவு, பூ, மழை, அவ்வளவுதான் மாத்தயா" என்று சொல்லி, என்ரை பேரிலை அனுமதி எடுத்தேன். காலையில் எழுத்துப் பட்டறை, பின்னேரம் வாசிப்பு.

பட்டறைக்குப் பதினொரு பேர். அதில் பக்கத்து லொட்ஜில் இருக்கிற பத்மாவதி அக்காவும் ஒருத்தி. அவவின்ரை மகன் கிருபாகரனைப் போன மார்கழியில் தெமட்டகொடையில் ஆமிக்காரர் பஸ்ஸாலை இறக்கிப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். எங்கை வைச்சிருக்கிறாங்கள் என்று இன்னும் தெரியாது. இந்த மனுசிக்கு இப்ப கவிதை கேக்குதோ என்று நினைத்தேன். வெட்கங்கெட்ட நினைப்பு.

"உங்களுக்குப் பிரியமான ஒருவரைப் பற்றி எழுதுங்கோ," என்றார் கவிஞர். மற்றவர்கள் பேனையைக் கடித்துக்கொண்டிருக்க, அக்கா ஐந்து நிமிசத்தில் முடித்துவிட்டா. பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், உயரம், வலது முழங்கையில் தழும்பு, அன்றைக்குப் போட்டிருந்த நீலக் கோடு போட்ட சேட்டு, கடைசியாகக் கண்ட இடம். நாலு மாசமாகக் கந்தோர் கந்தோராகக் கொடுத்த மனுதான் அது.

கவிஞருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, இதைப் பின்னேரம் நான் வாசிக்கட்டோ?"

"ஓம் தம்பி, வாசியுங்கோ. கன சனம் வருமோ?"

சனம் வந்தது. கடைசி வரிசையில் சிவில் உடுப்பிலை, தலைமயிரை ஒட்ட வெட்டின ரெண்டு பேரும் வந்தார்கள். கவிதை கேட்க வந்த முகமில்லை. கவிஞர் நல்லாத்தான் வாசித்தார். ஆனால் பெயரை எடுத்துவிட்டு "என் மகன்" என்றார். தழும்பைப் பிறையாக்கினார். இலக்கத்தை விட்டேவிட்டார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

அக்கா எழும்பினா. "தம்பி, பேரும் நம்பரும் விட்டுப்போச்சு. அதுக்குத்தானே தந்தனான். இங்கை ஆராவது கண்டிருப்பினம்."

கவிஞர் என்னைப் பார்த்தார். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். எனக்குப் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். பிறகு என்னிலேயே எனக்குக் கோபம் வந்தது. மேடையில் ஏறித் தாளை வாங்கி, பெயரை வாசித்தேன், இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"அண்ணை, கடைசி மூண்டும் இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்று நடுவிலிருந்து ஒரு பொம்பிளை பேனையைத் திறந்தா.

நான் தாளில் தேட முதலே, அக்கா நின்ற இடத்தில் நின்று அதைச் சொன்னா.