முன்விளிம்புத் தூசி

எங்கள் வீட்டில் சோறு சும்மா கிடைக்காது. சாயங்காலம் ஏழரைக்குத் தட்டு வைத்ததும் ஆளுக்கு ஒரு புதுத் தகவல் சொல்ல வேண்டும். படித்ததோ, யாரோ சொல்லிக் கேட்டதோ, கண்ணால் பார்த்ததோ, எதுவானாலும் சரி. அந்த மேஜையில் அதுவரை யாரும் சொல்லாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சொன்னவர்கள் உட்கார்ந்து சாப்பிடலாம். சொல்ல ஒன்றும் இல்லாதவர்களும், பழசைச் சொன்னவர்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்று சாப்பிட வேண்டும். இது அப்பா போட்ட விதி.

அப்பா கடைகளில் தராசையும் எடைக்கற்களையும் சோதிக்கும் அதிகாரி. முதுகுக்குப் பின்னால் கடைக்காரர்கள் அவரை 'எடைக்கல்' என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்து வந்தாலும் மனுஷன் தராசைக் கீழே வைக்கமாட்டார். "பட்டாம்பூச்சி காலால ருசி பார்க்கும்ப்பா" என்று அண்ணன் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நொடி யோசிப்பார். "ம். புதுசு. உட்காரு." எழுதி வைத்த கணக்கெல்லாம் கிடையாது. அவருடைய ஞாபகம்தான் பதிவேடு, அதற்கு மேல்முறையீடும் இல்லை. அம்மா ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழாய் இரண்டு நாளாகச் சொட்டுகிறது என்றாள். "இது தகவல் இல்ல, வம்பு" என்று தள்ளிவிட்டார். அதனால் அம்மாவுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. பரிமாறுகிறவள் எப்படியும் நின்றுகொண்டுதானே இருக்க வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, ஃபேனைத் துடைக்கச் சொல்லி அம்மா என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டாள். இறக்கையைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஒரு ஆச்சரியம். பின்பக்க விளிம்பில் தூசி கொஞ்சமாகத்தான் இருந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற முன்விளிம்பில் கம்பளி போட்ட மாதிரி அப்பிக்கிடந்தது. இவ்வளவு வேகமாகச் சுற்றுகிற இடத்தில் தூசி எப்படி உட்காருகிறது? அதுவும் காற்று மோதுகிற பக்கத்தில்? மூன்று இறக்கையையும் பார்த்தேன், மூன்றும் அப்படித்தான். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், யாரும் சொல்லாமல், நானே கண்டுபிடித்த விஷயம். சாயங்காலம் எப்போது வரும் என்று ஆகிவிட்டது.

ஏழரைக்குச் சொன்னேன். அப்பா கண்ணை மூடினார். இரண்டு நொடி அல்ல, பத்து நொடி ஆனது. கண்ணைத் திறந்து மேலே ஃபேனைப் பார்த்தார். பிறகு, "பழசு. போன மாசமே உங்கண்ணன் சொல்லிட்டான்" என்றார்.

அண்ணனைப் பார்த்தேன். அவன் சொல்லவில்லை என்று அவனுக்கே தெரியும். ஆனால் அவன் அன்றைக்கு ஏற்கெனவே தேறி உட்கார்ந்தவன். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் சுவரோரம் போய் நின்றேன். அழுதால் இன்னொரு ஏச்சு விழும் என்பதால் அழவும் இல்லை. அன்றிலிருந்து நான் எதையும் சொந்தமாகக் கண்டுபிடிக்கவே இல்லை. நூலகத்துப் புத்தகத்தில் இருப்பதை மனப்பாடம் செய்து ஒப்பித்து, உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தேன்.

இப்போது எனக்கு நாற்பத்தாறு. ஒரு பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்ரே எடுக்கிறேன். கல்யாணம் செய்து நான்கு வருடம் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பி வந்தவள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா என்னோடு இருக்கிறார். அண்ணன் வருடத்துக்கு இரண்டு முறை வருவான், ஒரு பை பழத்தோடு.

அப்பாவுக்கு மறதி வந்து இரண்டு வருடம் ஆகிறது. குழாயைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். அடுப்பை மூட்டிவிட்டு, எதற்கு மூட்டினோம் என்று அடுப்பையே கேட்டுக்கொண்டு நிற்பார். வேலையில் ஒரு நாளைக்கு அறுபது பேரை நிற்க வைத்து "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கு மூச்சு விட நேரமில்லை. தகவல் சொல்லும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

"ஒட்டகச்சிவிங்கிக் கழுத்துலயும் ஏழே எலும்புதான், நம்ம கழுத்துலயும் ஏழே எலும்புதான். தெரியுமா?" என்பார் காலையில். அதை அவருக்குச் சொன்னதே நான்தான். பல் துலக்கிவிட்டு வந்து மறுபடி சொல்வார். செருப்பு மாட்டும்போது மறுபடி.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், "பழசுப்பா" என்றேன். "விதி ஞாபகம் இருக்கா?"

சிரித்தார். வேடிக்கை என்று நினைத்திருப்பார். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றார். முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். எனக்கு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலிக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது. மறுநாளும் "பழசுப்பா" என்றேன். இரண்டு மாதத்தில் அப்பா உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தை அண்ணன் கொண்டுவந்து மேஜையில் வைத்த அன்று அப்பாவுக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

"எனக்கு மூளை கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

"அப்படி யாருப்பா சொன்னா? அங்க நர்ஸ் இருக்காங்க, டாக்டர் இருக்காங்க..." என்று இழுத்தான் அண்ணன்.

"இழுக்காத. அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. ஒரு புதுசு சொல்றேன். இதுவரைக்கும் இந்த வீட்டுல யாரும் சொல்லாதது. சொல்லிட்டேன்னா அந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போடணும். பழசா இருந்துச்சுன்னா நானே பெட்டியைத் தூக்கிக்கிட்டு உன் வண்டியில ஏறிடுறேன்."

"அது பழசா புதுசான்னு யாரு சொல்றது?"

அப்பா என்னைக் காட்டினார். "இவதான். தெனம் நான் பேசுறதைக் கேக்குறது இவ ஒருத்திதானே?"

அந்த வாரம் முழுக்க அப்பா ஒரு தகவலும் சொல்லவில்லை. பகலெல்லாம் கட்டிலில் மல்லாந்து கிடந்து விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவருடைய அறையில் ஃபேன் நின்றிருந்தது, மனுஷன் வேர்வையில் நனைந்திருந்தார். போட்டேன். அணைத்தார். மறுபடி போட்டேன். "நிக்கட்டும். ஓடுனா தெரிய மாட்டேங்குது" என்றார். புத்தி இன்னும் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பதினொரு மணிக்கே வந்துவிட்டான், இந்த முறை பழம் இல்லாமல். அப்பா சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, வேலைக்குக் கிளம்புகிறவர் போல உட்கார்ந்திருந்தார். இடது கையை மூடியே வைத்திருந்தார். தண்ணீர் டம்ளரை வாங்கும்போது விரல் விரிந்ததில் பார்த்துவிட்டேன். உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. 'ஃபேன்' என்ற ஒரு சொல்தான் எனக்குத் தெரிந்தது.

பார்க்காத மாதிரி போயிருக்கலாம். எண்பது வயது மனுஷன், பரீட்சைக்கு பிட் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் மனசு இளகியிருக்கும். நான் ஒரு சட்டியில் தண்ணீரும் சோப்பும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"கை கழுவிட்டு உட்காருங்கப்பா."

"வலது கையைக் கழுவினா போதும்."

"ரெண்டையும் கழுவுங்க. நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?"

நானே பிடித்துத் தேய்த்துவிட்டேன். தண்ணீர் நீலமானது. துண்டில் துடைத்த பிறகு உள்ளங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

தட்டு வைத்தேன். அண்ணன் விண்ணப்பத்தைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான், பேனா மூடியைக்கூடக் கழற்றியாகிவிட்டது. அப்பா கண்ணை மூடினார். இரண்டு நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம். அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒட்டகச்சிவிங்கி வந்துவிடும் என்று நானும் காத்திருந்தேன். எனக்கு அது வரவேண்டும். பொய் சொல்லாமல் அவரை அனுப்பிவைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"ஃபேன் இறக்கையில தூசி முன்விளிம்புலதான் ஒட்டும். நிறுத்திப் பார்த்தேன். மூணு இறக்கையிலயும் அப்படித்தான் இருக்கு."

அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"இது புதுசில்ல, எனக்குத் தெரியும்" என்றார் அப்பா அவசரமாக, யாரோ முந்திவிடுவார்கள் என்பது போல. "இதைச் சொன்னது இவ. சின்னப் பிள்ளையா இருக்கும்போது சொன்னா. நான் பழசுன்னு சொன்னேன். அது பழசில்ல." என் பக்கம் திரும்பினார். " உங்கண்ணன் சொல்லவே இல்ல. எனக்கே தெரியாத ஒண்ணை நீ கண்டுபிடிச்சிட்டு வந்து நின்ன. எனக்குப் பொறுக்கல, நிக்க வெச்சிட்டேன். இதுதான் நான் சொல்ல வந்தது. இதை இந்த வீட்டுல இதுவரைக்கும் யாரும் சொல்லல." மூச்சு வாங்கினார். "சொல்லு. புதுசா, பழசா?"

முப்பத்தேழு வருடம். இந்த ஒரு பேச்சுக்காக எத்தனை முறை மனசுக்குள் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்! கேட்டதும் அழுகை வந்தது, உண்மை. ஓடிப்போய் அவர் காலடியில் உட்காரத் தோன்றியது, அதுவும் உண்மை. கூடவே இன்னொன்றும் தோன்றியது. 'புதுசு' என்று சொல்லிவிட்டால் நாளைக் காலை மறுபடி ஒட்டகச்சிவிங்கி, மறுபடி குழாய், மறுபடி அடுப்பு. நான் அவருடைய மகளாகவே கிழவியாகிச் சாவேன். இன்றைக்குச் சொன்ன இந்த மன்னிப்பையும் நாளைக்கு மறந்துவிடுவார், நான் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு சோறு ஆக்க வேண்டும்.

அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழசுப்பா" என்றேன். "போன வாரமே சொல்லிட்டீங்க."

அப்பாவின் முகம் என்னவோ ஆனது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "சொல்லிட்டேனா?" என்று கேட்டார். ரொம்பச் சின்னக் குரல். எனக்கு அது யாருடைய குரல் என்று தெரியும்.

"ரெண்டு தடவை சொன்னீங்க."

அண்ணனைப் பார்த்தார். அண்ணன் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். அவனுக்கு அது பழகிய வேலை.

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உட்காருங்கப்பா, பரவாயில்ல" என்றான் அண்ணன், தலையைத் தூக்காமலே. அப்பா கேட்கவில்லை. சுவரோரம் போய் நின்று, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெட்டியை அவரே தூக்கினார். வண்டி போனதும் நான் வீடு முழுக்க ஃபேனைப் போட்டுவிட்டு, பட்டப்பகலில் ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

நான்காம் நாள் வேலை நேரத்தில் இல்லத்திலிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

"உங்கப்பா சாப்பிடறப்ப உட்காரவே மாட்டேங்கிறாருங்க. மூணு வேளையும் தட்டோட சுவத்துப் பக்கம் போய் நின்னுக்கிறாரு. கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. ஏன் தாத்தான்னு கேட்டா, 'நான் இன்னும் புதுசா ஒண்ணும் சொல்லலம்மா'ங்கிறாரு. சரி, ஏதாச்சும் சொல்லுங்க, நாங்க கேக்குறோம்னோம். 'எது சொன்னாலும் ஏற்கெனவே சொல்லியிருப்பேன், எனக்குத்தான் தெரியல'ன்னு சொல்லிட்டு அழறாரு. நாங்க என்ன சொன்னா உட்காருவாருங்க?"

என்ன சொன்னால் உட்காருவார் என்று எனக்குத் தெரியும். 'அன்றைக்கு நீங்கள் சொன்னது புதுசுதான் என்று உங்கள் மகள் சொல்லச் சொன்னாள்.' அது போதும். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

"கொஞ்ச நாள்ல பழகிடும், விடுங்க" என்றேன். "நாங்கல்லாம் அப்படி நின்னு வளர்ந்தவங்கதான்."