காசியம்மாள் வயலின் மேல்மண்

நிலக்கரிச் சுரங்கத்தில் நிலக்கரியைத் தோண்டுவது பாதி வேலைகூட இல்லை. அதற்கு மேலே கிடக்கும் மண்ணைத் தோண்டி எங்கே கொட்டுவது என்பதுதான் வேலை. கொட்டிக் கொட்டி அது மலையாக வளர்ந்துவிடும். கழிவு மேடு என்போம். அதற்கு ஒரு விதி உண்டு. நிலத்தின் மேலே இருக்கும் ஒன்றரை அடி, பயிர் விளைகிற மண். அதை முதலில் சுரண்டித் தனி மேடாகச் சேர்த்து, மழையில் கரையாமல் புல் வளர்த்துக் காக்க வேண்டும். பிறகு கழிவு மேட்டின்மேல் அதைப் பரப்பி மரம் நட வேண்டும்.

நான் வேலை பார்த்த சுரங்கத்தில் மேல்மண் சேமிப்பு என்று பெயர்ப்பலகை இருந்தது. மண் இல்லை. தனியாகக் கொண்டுபோய்க் கொட்ட இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், டீசல் ஜாஸ்தி ஆகும் என்று ஒப்பந்ததாரர் கொளஞ்சியப்பன் சொல்லிவிட்டார். மேட்டின் விளிம்பில் நின்று லாரிகளுக்குக் கொட்டும் இடத்தைக் கை காட்டுவது என் வேலை. நான்தான் கை காட்டினேன். விளைகிற மண் அத்தனையும் களிமண்ணுக்கும் மணலுக்கும் அடியில் போனது. இன்று அதன்மேல் நூறு அடிக்குக் கழிவு. நான்கு வருடமாகியும் அந்த மேட்டில் சீமைக்கருவேலம்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

போன வைகாசியில், ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. கொளஞ்சியப்பன் என்னைக் கூப்பிட்டார்.

"அவுங்க ஏறி நிக்கப்போறது ஒரே எடந்தான். அங்க மட்டும் மண்ணு செகப்பா, பொலபொலன்னு இருந்தாப் போதும். மலைமேல கரியாலூர்ல ரோடு வேலையில நம்ம ஜேசிபி சும்மா நிக்குது. போய் ஏத்திக்கினு வா, சுபாஷு."

"மலையில யாருண்ணா மண்ணு குடுப்பாங்க?"

"வயல சமன் பண்ணித் தரோம்னு சொல்லு. காசே வேணாம்னு சொல்லு. கையெடுத்துக் கும்புடுவாங்க."

அவர் சொன்னபடியே ஆனது. வேடியப்பன் என்ற மலைக்காரர், மரவள்ளி பிடுங்கிய சரிவு வயல் ஒன்றைக் காட்டினார். வயல் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார். அண்ணி காசியம்மாள் வெள்ளிமலைச் சந்தைக்குப் போயிருந்தாள். ஜேசிபி வயலின் மேல்பக்கத்தைச் சுரண்டி, கீழே பாதையில் நின்ற டிப்பரில் கொட்டியது. முதல் டிப்பர் நிரம்பியபோது அவள் பையோடு வந்து நின்றாள்.

"வேடியப்பா, இன்னா நடக்குது இங்க?"

"லெவல் பண்ணித் தராங்க அண்ணி. நயா பைசா வாங்கல."

"மண்ணு ஏன் வண்டியில ஏறுது?"

"மேடா இருக்கறத எடுக்கறாங்க."

"அது ஏன் மேடா இருக்குது? நீ எந்த வருசமாவது கூடை தூக்கினியா?"



மழையில் அடித்துக்கொண்டு போகும் மண் கீழ்வரப்பில் வந்து தேங்கும். ஒவ்வொரு கோடையிலும் அதை வாரி, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, திரும்ப மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். சுமப்பது பெண்கள். காசியம்மாள் கல்யாணமாகி வந்ததிலிருந்து பதினோரு கோடை சுமந்திருக்கிறாள். ஜேசிபிக்கு அது கால் மணி நேரம்.

அவள் என்னிடம் வந்தாள். "நீதான் மேஸ்திரியா தம்பி? எங்க போவுது இது?"

"நிலக்கரி சுரங்கத்துக்குக்கா. கழிவு மேட்டு மேல போட."

"அங்க மண்ணே இல்லியா?"

டிப்பர் ஓட்டுநர் பகலவன் உள்ளிருந்தபடியே சிரித்தான். "அங்க மண்ணுக்கா பஞ்சம்? ஒங்க மலையாட்டம் குமிஞ்சி கெடக்குது."

"அப்புறம் எங்குளுது இன்னாத்துக்கு?"

எனக்கு மழுப்ப வாய் வரவில்லை. "நல்ல மண்ணு இருந்துச்சுக்கா. தனியா வெச்சிக் காப்பாத்தணும். நாங்க வெக்கல. குப்பைக்கு அடியில போட்டுப் பொதைச்சிட்டோம்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சேதான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்க மண்ண நீங்களே பொதைப்பீங்க. அத மறைக்க என் வயலத் தோலு உரிப்பீங்க."

வேடியப்பன் சமாதானத்துக்கு வந்தார். "அடியில இருக்கறதும் மண்ணுதான அண்ணி. எரு போட்டா சரியாயிடும்."

ஜேசிபி சுரண்டிய இடத்தில் வெளிறிய சரளை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மேட்டிலும் இதே நிறந்தான்.

"ஆவாதுண்ணா," என்றேன். "நாலு வருசமா அதுமேல நின்னு பாத்துக்கினு இருக்கேன். ஒண்ணும் மொளைக்காது."

ஜேசிபியை நிறுத்தச் சொன்னேன். பகலவனிடம் லோடைத் திருப்பிக் கொட்டச் சொன்னேன்.

"கொளஞ்சியப்பன் சும்மா வுடுவாரா?"

"நான் சொன்னேன்னு சொல்லிடு."

நிறைந்த டிப்பர் சரிவில் ஏறவில்லை. கீழ்வரப்போரம்தான் கொட்ட முடிந்தது. கொட்டி முடிப்பதற்குள் கொளஞ்சியப்பன் போனில் வந்துவிட்டார்.

"லோடு கெளம்பிடுச்சா?"

"திருப்பிக் கொட்டியாச்சுண்ணா."

"எவன் ஊட்டு மண்ணுடா அது ஒனக்கு?"

"நம்ம மண்ணு நம்ம மேட்டுக்கு அடியிலயே இருக்குதுண்ணா. வர்ற ஆபீசருங்கள அங்க தோண்டிப் பாக்கச் சொல்லுங்க."

"நாளையிலேருந்து நீ வராத."

யாரும் தோண்டவில்லை. அவர் வேறெங்கோ ஓர் ஏரியில் மண் அள்ளிக்கொண்டுவந்து பரப்பினார். அதிகாரிகள் அதன்மேல் நின்று மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நடந்ததை எல்லாம் எழுதி, பொறுப்பான அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சம்பந்தப்பட்ட சுரங்கத்திடமே விளக்கம் கேட்டிருப்பதாகப் பதில் வந்தது. புதைத்தவனிடமே போய்க் கேட்டிருக்கிறார்கள், புதைத்தாயா என்று.

அன்று கரியாலூரில் எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மேலே இருந்த மண்ணைக் கீழே கொண்டுவந்து போட்டிருந்தேன். கொளஞ்சியப்பன் பேச்சுக்குப் பிறகு ஜேசிபியும் ரோடு வேலைக்குத் திரும்பிவிட்டது. மழைக்குப் பத்து நாள்கூட இல்லை. காசியம்மாள் வீட்டுக்குப் போய் இரண்டு கூடை எடுத்துவந்தாள். நான் ஒன்றை வாங்கக் கை நீட்டினேன்.

"நீ வண்டியில ஏறு தம்பி," என்றாள்.

அந்தக் கூடையை வேடியப்பன் காலடியில் போட்டாள். அவர் மண்ணை வாரி நிரப்பி, இடுப்பில் வைத்துத் தூக்கப் பார்த்தார்.

"தலையில வை," என்றாள்.