அருள்செல்வி அடித்த காரணங்கள்

1
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. எம்.எஸ்சி. நர்சிங் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், ‘இந்தப் படிப்பு உங்களுக்கு ஏன்?’ என்று கேட்டிருந்தார்கள். பீளமேட்டுத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ.வில் பதினேழு வருடம் நர்ஸாக இருக்கும் என் மனைவி அருள்செல்வி, “ஏனுங்க, கதையெல்லாம் எழுதறீங்கல்ல, இதை எழுதிக் குடுங்க” என்றாள்.

சிறு வயது முதலே சேவை மனப்பான்மை கொண்ட நான்...

படித்துப் பார்த்துப் பேனாவால் அடித்துவிட்டாள்.

பதவி உயர்வுக்கு முதுநிலைப் பட்டம்...

அதையும்.

2
(கதைக்கு ஓர் அவமானம் வேண்டுமே என்று, பத்து வயது இளைய ஜெனிஷா எம்.எஸ்சி. முடித்த கையோடு இவளுக்கு மேல் இன்சார்ஜாக வந்ததை எழுதினேன்.)

“அந்தப் புள்ள படிச்சுது, வந்துச்சு. அது மேல எனக்கென்னங்க கோவம்?”

அப்புறம்தான் வரதராஜுலுவைப் பற்றிச் சொன்னாள். அதுவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

3
வரதராஜுலு பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி. வயிற்றில் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம், போர்வையைப் பிடுங்கிப் பிடுங்கி விட்டுக்கொண்டிருந்தார். பேச்சு லேசாகக் குழறியது. பாதம் சில்லிட்டிருந்தது. மானிட்டரில் எல்லா எண்ணும் சரி. அருள்செல்வி டாக்டரைக் கூப்பிட்டாள்.

“எனக்கு என்னமோ சரியாப் படலீங்க சார்.”

“என்ன சரியில்ல, சிஸ்டர்?”

அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் மானிட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்தது. சாயங்காலம் வரதராஜுலு இறந்துபோனார்.

[இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். அழவில்லை.]

“நான் கண்டது சரிங்க. ஏன் சரின்னு எனக்கே தெரியல. தெரிஞ்சிருந்தா அந்த டாக்டரை நகர உட்டிருக்க மாட்டேன்.”

விண்ணப்பத்தில் இதைத்தான் எழுதினாள், தன் கையாலேயே.

4
நேர்காணலில் ஒருவர், நாற்பத்திரண்டு வயதில் எதற்கு, அனுபவம் போதாதா என்று கேட்டார்.

“அனுபவம் இருக்கறதாலதானுங்க வந்திருக்கேன். கண்ணுக்குத் தெரியுது, வாயில வரமாட்டேங்குது. அதைக் கத்துக்கோணும். வயசைக் கேக்கறீங்க; நான் எழுதியிருக்கற அந்த டாக்டருக்கு இருவத்தெட்டுதானுங்க.”

கேட்டவர் அவள் விண்ணப்பத்தை மறுபடி புரட்டினார். அவள் தலையைக் குனியவில்லை.

5
இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். [இடம் கிடைக்கிறது, ஜெனிஷா இனிப்பு வாங்கி வருகிறாள்.] [கிடைக்கவில்லை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள்...]

“லிஸ்ட் வெள்ளிக்கிழமைதானுங்க வருது. அதுக்குள்ள உங்களுக்கென்ன அவசரம்? பேர் இல்லீன்னா நேராப் போய் எதனாலன்னு கேப்பேன். அடுத்த வருசமும் அப்ளிகேசன் போடுவேன்.”

இன்று செவ்வாய். என்னிடம் முடிவு இல்லை. பொறுக்காதவர்கள் ஆளுக்கொன்று எழுதிக்கொள்ளலாம். ஏன் அப்படி முடித்தீர்கள் என்று அவள் கேட்பாள், பதிலோடு வாருங்கள்.