கேட் நடை

கேப்டன் பெங்களூர் பந்தயத்தில் ஓடி ஓடி மூட்டுத் தேய்ந்த குதிரை. சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் அதற்கு ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். குதிரையின் மூட்டுக் குருத்தெலும்பு மனிதனுடையதைப் போலவே இருக்குமாம். இதற்குக் குணமானால் அடுத்தது நமக்குத்தான் என்றார் டாக்டர் ரஞ்சிதா. அன்றிலிருந்து அதன் கால் மேலேயே என் கண்.

என் வலது முட்டியும் தேய்ந்ததுதான். ஒன்பது வருடம் ஓசூரில் ஒரு கம்பெனி லைனில் நின்றே வேலை. நொண்டுவது தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். இங்கே சாணி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தபோது அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆறாவது வாரம் டாக்டர் கேப்டனை நடக்கவைத்துப் பார்த்தார். துளி நொண்டல் இல்லை.

"சூப்பர்! இருளாயிக்கா, நொண்டல் மார்க் பூஜ்யம்னு எழுதுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் நான் சாணி அள்ளும்போது இதே குதிரைதான் நொண்டியது. சாணி அள்ளுகிறவளை அது ஆளாகவே மதிப்பதில்லை போலும். இந்தப் பொய்யை எழுதினால் அதை மறுபடி ஓட அனுப்புவார்கள். உதவாத மருந்து என் முட்டிக்கும் வரும்.

"மேடம், அது கேட் நடை நடக்குது."

"அப்டின்னா?"

"கம்பெனி கேட்டுல காண்ட்ராக்டர் நிப்பான். அவன் கண்ணு முன்னால மட்டும் பல்லக் கடிச்சுக்கிட்டு நேரா நடப்போம். தாண்டுனதும் நொண்டுவோம்."

"நடப்போமா? நீங்களுமா?"

வாயை விட்டாகிவிட்டது. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

அவர் தீவன அறைக்குள் போய் ஜன்னல் இடுக்கில் நின்றார். நான் சாணிக் கூடையை எடுத்தேன். கேப்டன் சுற்றிலும் பார்த்துவிட்டு நொண்ட ஆரம்பித்தது. டாக்டர் வெளியே வந்து பூஜ்யத்தை அடித்து மூன்று என்று எழுதினார்.

"இப்ப நீங்க நடங்கக்கா."

இனி மறைக்க என்ன இருக்கிறது, நொண்டியே காட்டுவோம் என்றுதான் கிளம்பினேன். கால் கேட்கவில்லை. நேராக, ஜம்மென்று நடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

டாக்டர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"நான் பாக்கல. கேட்டத் தாண்டியாச்சுக்கா."

சிமெண்டுத் தரையில் என் செருப்பு ஒன்று அழுத்தியும் ஒன்று இழுத்தும் சத்தம் போட்டது. கேப்டன் காதைத் திருப்பிக் கேட்டது.

"நாளைலேருந்து உக்காந்து குதிரைங்களப் பாத்து எழுதற வேல உங்களுக்கு" என்றார் டாக்டர், திரும்பாமலே.