வாடிய இலைகள்

…இல்லை, வெயில் மட்டும் காரணமாக இருக்க முடியாது, நேற்றும் மழை பெய்ததே, பிறகு ஏன் பின்வரிசை மரவள்ளி இலைகள் மட்டும் இப்படித் தொங்குகின்றன? நவரத்தினம் வேட்டைநாயைப் போல நடந்தார், கொழும்பு கிருலப்பனையின் இந்தச் சதுப்பு ஓரத்தில் உலக யுத்தம் தொடங்கி அரிசி தட்டுப்பாடான பிறகுதான் எல்லோரும் விவசாயிகளாகிவிட்டார்கள், மானியம் என்றதும் பூந்தோட்டம்கூட மரவள்ளித் தோட்டமாகிவிடுகிறது… பயிர் நிற்பதை இன்ஸ்பெக்டரான அவர் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் காசு கிடைக்கும், விளைந்த கிழங்கை அரசாங்கத்துக்கே விற்கவும் வேண்டும், ஆனால் எத்தனை பேர் விற்கிறார்கள்? காணிக்காரர் றேமண்ட் பக்கத்திலேயே வந்தார், வாசலில் கதிரை போட்டு இளநீர் தந்த மனுஷன், கோட்டும் தொப்பியும், நல்ல சிரிப்பு. "அவள் சோம்பேறி, மிஸ்டர் நவரத்தினம், தண்ணீர் ஊற்றுவதில்லை. கிழங்கையும் களவெடுக்கிறாளோ தெரியாது" என்று இங்கிலீசில் மெதுவாகச் சொன்னார். அவள் என்றால் ராக்கம்மா, இந்தக் காணியைக் கொத்தி நட்டவள், மூலைக் குடிசையில் இருப்பவள், மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவளாம். கூப்பனுக்குத் தரும் கொஞ்ச அரிசி எவருக்குக் காணும்? பசிக்குத் தோண்டியிருப்பாள், பார்வையே சரியில்லை, ஏன் கம்பின் பக்கம் போகும் என் கையையே பார்க்கிறாள்?

ஒரு கம்பைப் பிடித்து இழுத்தார், சிரமமே இல்லாமல் வந்தது, வேரும் இல்லை கிழங்கும் இல்லை, அடியில் கத்தி வெட்டு. அடுத்ததும் அப்படியே… அதற்கடுத்ததும். பிடித்துவிட்டேன் என்று நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். "ஆர் தோண்டினது? உண்மையைச் சொல்லு." வெயிலில் நின்றவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் தோண்டலைங்க ஐயா. தொரைதான் முந்தாநாள் லொறி கொண்டாந்து ஏத்துனாரு. கம்ப மட்டும் திருப்பி நடச் சொன்னாரு, நட்டேன்."

றேமண்ட் சிரித்தார், அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்ததோ? பொய் சொல்கிறாளா, முதலாளிமேல் ஏதும் கோபமா? ஆனால் இவ்வளவு வரிசைக் கிழங்கை ஒருத்தி தின்றுவிட முடியுமா, கறுப்புச் சந்தையில் மரவள்ளி பொன் விலை போகிறதே… முன்வரிசை வாடாமல் நிற்பதைப் பார்த்தும், தண்ணீர் ஊற்றவில்லை என்ற இந்த ஆளின் சொல்லை ஏன் நம்பினேன்? இளநீருக்கா? தொப்பிக்கா? "மானியம் இல்லை, மிஸ்டர் றேமண்ட். மேலிடத்துக்கும் அறிவிப்பேன்." குரல் நடுங்காமல் வந்ததில் ஒரு பெருமை. ராக்கம்மாவைப் பார்த்தார், மகிழ்வாள் என்று நினைத்தாரா என்ன, அவள் முகத்தில் ஒன்றுமில்லை, குடிசைப் பக்கம் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார், வெள்ளவத்தை வீட்டுக்குப் போனால் சாப்பாடு சூடாக இருக்கும், இன்றைக்கு ஒரு கள்ளனைப் பிடித்ததை வீட்டில் சொல்லலாம்… அவள் ஏன் உண்மையைச் சொன்னாள்? பசிக்குத் தோண்டினேன் என்று அழுதிருந்தால் நான் நம்பியிருப்பேனே, துரையும் அவளை வேலையிலும் குடிசையிலும் இருக்க விட்டிருப்பார்… நான் கேட்டதாலா சொன்னாள்? வேலிக்கு உள்ளே றேமண்ட் "ராக்கம்மா" என்று கூப்பிட்டார், மிக மெதுவாக, குழந்தையைக் கூப்பிடுவதுபோல. நவரத்தினத்தின் கால் ஒரு கணம் நின்றது, பிறகு சைக்கிள் மறுபடி உருண்டது. அவர் சத்தம் போட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பேன், கோபமாகக் கத்தியிருந்தால் நிச்சயம் போயிருப்பேன்… போயிருப்பேனா?